வேலை தேடும் பிள்ளைகளும் ஆள் சேர்க்கும் வியாபாரமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நான் ஆலிமல்ல. மதரஸாவில் கொஞ்சம் ஓதினேன். தமிழ்ப் பள்ளியில் 6 வகுப்புப் படித்தேன். மற்றதெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் 25 வருஷம் உட்கார்ந்து கற்றது. மார்க்க விஷயத்தைப் பேனா பிடித்து எழுத எனக்குத் தகுதி உண்டா என்று சில நாள் யோசித்தேன். ஆனால் இந்த விஷயத்தில் நான் செய்த பிழை ஒன்றும் இருக்கிறது. பிழை செய்தவன் வாயை மூடிக்கொண்டு, பிறர் பிழையைப் பற்றிய குத்பாவைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை. எழுதியதை நம் பள்ளிவாசல் இமாம் அவர்களிடம் படித்துக் காட்டிய பிறகே சங்கப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

2024 ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம். அசர் தொழுதுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தேன். பினாங்கு சூலியா தெருவுக்கு ஒரு சந்து தள்ளி என் மளிகைக் கடை. ஒரு பையன் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவன் தகப்பனார் நாசி கண்டார் கடையில் வேலை பார்த்தவர். மவுத்தாகி 4 வருஷம். தாயார் தையல் மெஷின் வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறார்.

“மாமா, கடையில ஏதாச்சும் வேலை இருக்குமா? எந்த வேலைன்னாலும் செய்றேன்” என்றான்.

எனக்கு ஆள் தேவையாகத்தான் இருந்தது. சரக்கு இறக்குகிறவர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஆனால் என் மனம் வேறு கணக்குப் போட்டது. உள்ளூர்ப் பிள்ளை, படித்தவன், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இடம் கிடைத்தால் ஆறு மாதத்தில் ஓடிவிடுவான். கற்றுக்கொடுத்த நேரமெல்லாம் வீண். “இப்ப ஒண்ணுமில்ல தம்பி. பெருநா கழியட்டும், பாப்போம்” என்றேன். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. அவன் ஸலாம் சொல்லிவிட்டுப் போனான். அன்று அவன் ஏழு கடை ஏறி இறங்கியிருக்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஏழும் நம்மவர் கடை. ஏழு இடத்திலும் அதே “பாப்போம்.”

ஜூலை மாதக் கடைசியில் மறுபடியும் வந்தான். கழுத்தில் டை, காலில் பளபளப்பான சப்பாத்து, கையில் தோல் பை.

“வேலை கெடச்சிருச்சா தம்பி?”

“வேலையில்ல மாமா, வியாபாரம். நானே முதலாளி.”

பையைத் திறந்தான். சத்து மாவு டப்பா, விலை 160 வெள்ளி. சர்க்கரை வியாதி, மூட்டு வலி, ஞாபக மறதி எல்லாம் அதில் நீங்குமாம். அரை மணி நேரம் மனப்பாடமாகப் பேசினான். நடுவில் நான் ஒரு கேள்வி கேட்டால், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். டப்பா வேண்டாமென்றால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திற்கு வாருங்கள் என்றான். அதுவும் முடியாதென்றால் தெரிந்தவர்கள் பெயராவது கொடுங்கள் என்றான். கடையில் இரண்டு வாடிக்கைக்காரர் நிற்கிறார்கள். இவன் போனால் போதுமென்று ஒரு டப்பாவை வாங்கினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பற்றுப் புத்தகத்தைப் புரட்டி மூன்று பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தேன். “கடை மாமா அனுப்பினாருன்னு சொல்லு” என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன். அந்த வார்த்தையால் வந்தது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அக்டோபரில் அவன் தாயார் கடைக்கு வந்து அழுதார். அடுத்த நாள் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நடந்ததைக் கேட்டேன். அவன் சொன்னது இது.

கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. அலுவலக உதவியாளர் தேவை, அனுபவம் வேண்டியதில்லை, மாதம் 3,000 வெள்ளி வரை வருமானம். மனுப் போட்ட அரை மணி நேரத்தில் ஒரு பெண் பிள்ளை கூப்பிட்டு, நாளை நேர்முகத் தேர்வு, உடை நன்றாக இருக்கட்டும் என்றாளாம். போய்ப் பார்த்தால் ஒரு மாடி அறையில் 60 நாற்காலி, பாட்டு, கைதட்டல். சான்றிதழ் உறையைத் திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் மேடையேறித் தாம் வாங்கிய காரின் படத்தைக் காட்டினார். இஹ்ராம் உடையில் உம்ராவுக்குப் போன படத்தையும் காட்டினார். மாதச் சம்பளம் வாங்குகிறவன் ஆயுசு முழுவதும் அடிமை என்றார். நமது நாயகம் (ஸல்) அவர்களே வியாபாரிதான், ரிஸ்கில் பத்தில் ஒன்பது பங்கு வியாபாரத்தில் இருக்கிறது என்றார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து, தெரிந்தவர்கள் 100 பேரின் பெயரை எழுதச் சொன்னார். உறவினர், பள்ளித் தோழர், பள்ளிவாசலில் பார்க்கிறவர், தகப்பனாருடன் வேலை செய்தவர் என்று ஒருவரையும் விடக்கூடாது. கடைசியில் பணப் பேச்சு வந்தது. பதிவும் சரக்குப் பெட்டியும் சேர்த்து 2,400 வெள்ளி. இன்று கட்டினால் இந்த விலை, நாளைக்கு 3,000.

தாயாரின் சங்கிலி அர்-ரஹ்னுக் கடைக்குப் போனது.

பேராசைதானே என்று நாம் சொல்லிவிடலாம். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். “ஏம்ப்பா கட்டினே?” என்று கேட்டேன். “அன்னிக்கும் வேலை கெடைக்கலன்னு உம்மாகிட்ட போய்ச் சொல்ல வெக்கமா இருந்துச்சு மாமா” என்றான். அந்த மாடி அறையில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒருவர் அவனைக் கையைப் பிடித்து வரவேற்று, பெயரைக் கேட்டு, நாற்காலி போட்டு, நீ பெரியவனாக வருவாய் என்று சொல்லியிருக்கிறார். நம் ஏழு கடையிலும் கிடைக்காத மரியாதை அது.

நிற்க. இந்த வியாபாரத்தின் கணக்கைப் பார்ப்போம். கணக்கு நமக்குத் தெரிந்த பாஷை. ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் நான் போட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒருவன் 2,400 வெள்ளி கட்டிச் சேருகிறான். அவன் நேரே சேர்த்துவிடும் ஒவ்வொருவருக்கும் அவனுக்கு 300 வெள்ளி. அவர்கள் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் 50 வெள்ளி. அதற்குக் கீழே உள்ள வரிசைகளில் அவனுக்கு ஒன்றுமில்லை. அது ‘வைரம்’ என்ற பட்டம் பெற்று உச்சியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. ஐந்து பேரைப் பிடித்தால் போதும், பிறகு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று மேடையில் சொன்னார்களாம். சரி, ஐந்து பேரைப் பிடித்தான். வந்தது 1,500. போட்ட பணத்தில் இன்னும் 900 வரவில்லை. அந்த ஐவரும் ஆளுக்கு ஐவரைப் பிடித்தால் 25 பேர், அதில் 1,250. இப்போது மொத்தம் 2,750. ஆக லாபம் 350 வெள்ளி. இந்த 350 வெள்ளியை அவன் கண்ணால் பார்க்க, 30 பேர் சேர்ந்து 72,000 வெள்ளி கட்டியிருக்க வேண்டும்!

இன்னும் இரண்டு வரிசை இறங்குங்கள். ஒருவர்கூடத் தோற்கவில்லை, எல்லாரும் சொன்னபடி ஐவரைப் பிடித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். உச்சியில் ஒருவர், கீழே 5, பிறகு 25, 125, 625. மொத்தம் 781 பேர். கடைசி வரிசையில் உள்ள 625 பேருக்கு ஒரு காசும் வரவில்லை. அவர்களுக்கு மேலுள்ள 125 பேர் ஆளுக்கு 900 வெள்ளி நஷ்டத்தில் நிற்கிறார்கள். 781 பேரில் போட்ட பணத்தைத் திரும்பப் பார்த்தவர்கள் 31 பேர். நன்றாக நடந்தபோதே இந்தக் கதி. இன்னும் வரிசை சேர்ந்தால் கடைசியில் இருப்பவர்கள் மேலேறிவிடுவார்களே என்று பையன் கேட்டான். ஏறுவார்கள், அவர்கள் நின்ற இடத்தில் ஐந்து மடங்கு ஆட்கள் வந்து நிற்பார்கள். எந்த நாளில் நிறுத்தி எண்ணினாலும் நூற்றுக்கு 80 பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். பத்தாவது வரிசைக்கு 97 லட்சத்துக்கு மேல் ஆள் வேண்டும். சிங்கப்பூரின் ஜனத்தொகையே சுமார் 60 லட்சம். பதினோராவது வரிசைக்கு 4 கோடியே 88 லட்சம் பேர். மலேசியா முழுவதையும் சேர்த்தால் 3 கோடியே 40 லட்சம்தான். பச்சைக் குழந்தைக்கும் டை கட்டிவிட்டாலும் ஆள் போதாது.

டப்பா விற்று லாபம் வராதா என்று கேட்பீர்கள். அந்த நாலு மாதத்தில் அவனிடம் சேராமல், சரக்குக்காகவே காசு கொடுத்து டப்பா வாங்கியவன் நான் ஒருவன். நானும் விரும்பி வாங்கவில்லை.

இனி மார்க்கத்துக்கு வருவோம். தரகு ஹராம் என்று யாரும் சொல்லவில்லை. வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சேர்த்துவைத்து, பேசிய கூலி வாங்குவது அன்றுமுதல் இன்றுவரை நடப்பது; நம்மில் பலருடைய பாட்டனார் அப்படித்தான் இந்தத் தீவில் கால் ஊன்றினார். அரசாங்க அனுமதி பெற்ற நேரடி விற்பனை முறை ஆகுமானது என்றே மலேசியத் தேசிய ஃபத்வாக் குழு 2006 ஆம் ஆண்டு கூறியது. சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழுவோ 2004ல் இத்தகைய அடுக்கு வியாபாரத்தைக் கூடாது என்றது. சரக்கு வெறும் மறைப்பு, ஆள் சேர்த்துக் கிடைக்கும் பணமே நோக்கம், அதில் சூதும் வட்டியும் ஏமாற்றும் கலந்திருக்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆலிம்கள் தீர்க்க வேண்டிய வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் இரண்டு தீர்ப்புக்கும் நடுவே கடைக்காரனுக்கு விளங்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. ஆள் சேர்க்கும் கூலியை எடுத்துவிட்டால், இந்த விலைக்கு இந்தச் சரக்கை யாராவது வாங்குவார்களா? வாங்குவார்களென்றால் அது வியாபாரம். இல்லையென்றால் அங்கே விற்கப்படுவது வேறொன்று.

மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்ட செய்தியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். மேலே காய்ந்த தானியம். உள்ளே விரல் நனைந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் கடைக்காரர். அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மோசம் செய்கிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் கடுமையாகச் சொன்னார்கள். அந்த மாடி அறையில் காட்டப்பட்ட காரும் உம்ராப் படமும் குவியலின் மேல் தானியம். கீழே நனைந்து கிடக்கும் 625 பேரின் படத்தை எந்தக் கூட்டத்திலும் காட்டுவதில்லை. அந்தத் தானியக்காரரிடமாவது கையை விட்டுப் பார்க்க இடமிருந்தது.

நாயகம் (ஸல்) வியாபாரி என்று மேடையில் சொன்னாரே, அது மெய்தான். எப்படி வியாபாரியானார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வாலிப வயதில் அவர்களிடம் முதல் இல்லை. மக்காவாசிகளின் ஆட்டைக் கூலிக்கு மேய்த்தார்கள். பிறகு கதீஜா நாயகியார் (ரலி) தம் சரக்கை அவர்கள் கையில் ஒப்படைத்து ஷாம் தேசத்துக்கு அனுப்பினார்கள். முதல் அம்மையாருடையது, உழைப்பும் நாணயமும் வாலிபருடையவை. இதைத்தான் நம் ஃபிக்ஹுக் கிதாபுகள் முளாரபா என்கின்றன. அதில் லாபம் வந்தால் பேசியபடி பங்கு. உழைத்தவர் தவறு செய்யாமலே நஷ்டம் வந்தால், முதல் நஷ்டம் முதல் போட்டவருக்கு, உழைத்தவருக்கு உழைப்பு மட்டுமே நஷ்டம். சகோதரர்களே, அந்த மாடி அறையின் ஏற்பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலும் ஏழைப் பையனுடையது, உழைப்பும் அவனுடையது, நஷ்டமும் அவனுடையது. கையில் ஒன்றுமில்லாத வாலிபரிடம் பொருளைக் கொடுத்து நம்பியது கதீஜா நாயகியாரின் வழி. இவர்களோ கையில் ஒன்றுமில்லாதவனின் தாயாருடைய சங்கிலியை வாங்கிக்கொண்டு அவனை நம்பச் சொன்னார்கள். நாயகத்தின் பெயரை அந்த மேடையில் எடுக்க எப்படித்தான் நாக்கு வந்ததோ! (பத்தில் ஒன்பது பங்கு என்ற அந்த அறிவிப்பும் பலமானதல்ல என்று எங்கள் உஸ்தாது அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார்.)

சம்பளக்காரன் அடிமையாம். மூஸா நபி (அலை) மிஸ்ரிலிருந்து உயிர் தப்பி மத்யனுக்கு வந்தபோது கையில் ஒரு காசில்லை, தெரிந்த முகம் ஒன்றில்லை. இரண்டு பெண் மக்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு, நிழலில் ஒதுங்கித் தமது தேவையை றப்பிடம் முறையிட்டார்கள். வேலை தேடும் பிள்ளை ஒவ்வொருவனும் அந்த இடத்தைச் சூரத்துல் கஸஸில் ஓதிப் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது 8 வருஷக் கூலி வேலை. விரும்பினால் 10 வருஷம். தவணை என்ன, பதிலுக்குக் கிடைப்பது என்ன என்பதெல்லாம் முதலிலேயே வெளிப்படையாகப் பேசப்பட்டது. அவர்களை வேலைக்கு வைக்கச் சொன்ன பெண்மகள் சொன்ன தகுதி இரண்டே: தெம்புள்ளவர், நம்பத்தக்கவர். அனுபவம் எத்தனை வருஷம் என்று அந்த வீட்டில் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த 100 பெயர் எழுதிய தாளைப் பையன் எனக்குக் காட்டினான். அவன் சாச்சா மகள் பெயர் இருக்கிறது. அவனுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாது பெயர் இருக்கிறது. தகப்பனார் மையித்தைக் கபுறடிக்குச் சுமந்தவர்கள் நாலு பேருடைய பெயரும் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அல்லாஹுத்தஆலா கொடுத்திருந்த சொத்து அதுதான்: அவனைத் தெரிந்தவர்கள், அவன் ஸலாம் சொன்னால் நின்று பதில் சொல்கிறவர்கள். அதைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் அவனைக் கண்டால் ஜனங்கள் வேறு வாசல் வழியாகப் பள்ளியை விட்டு வெளியேற ஆரம்பித்தார்கள். நானும் ஒரு ஜும்ஆவில் அப்படிச் செய்தேன்.

நம் முன்னோர் எந்த முதலைக் கொண்டு இங்கே வியாபாரம் செய்தார்கள்? கப்பலிலிருந்து இறங்கியவரிடம் ஒரு துணி மூட்டை இருந்திருக்கும். மொத்தக் கடைக்காரர் அவருக்குச் சரக்கைக் கடனுக்குக் கொடுத்தது, இன்னார் மகன், இன்னார் சொல்லி வந்தவர் என்ற ஒரு வார்த்தையின் பேரில். அந்த வார்த்தை அமானிதம். அது செல்லாக் காசாகிவிட்டால் நம் தெருவில் எந்த பாங்கியும் வந்து அந்த இடத்தை நிரப்பாது. நான் மூன்று பெயரை எழுதிக் கொடுத்து “கடை மாமா அனுப்பினார்” என்று சொல்லச் சொன்னபோது, அந்த அமானிதத்தைத்தான் அரை மணி நேரத் தொல்லைக்காகக் கொடுத்துவிட்டேன்.

மூவரில் இருவர் பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர் காலையில் பலகாரம் விற்றுப் பிழைக்கும் கணவரில்லாத ஒரு பெண்மணி. என்னிடம் மாவும் எண்ணெயும் கடனுக்கு வாங்கி, மாத முடிவில் ஒரு காசு பாக்கி வைக்காதவர். சேமிப்பிலிருந்து 2,400 வெள்ளி எடுத்துக் கட்டினார். டப்பாக்கள் இன்றும் அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

சகோதரர்களே, பையன்களுக்குப் புத்தி சொல்வது சுலபம். வேலை கொடுக்கிறவர் சம்பளம் தருவார், பணம் கேட்கமாட்டார் என்று சொல்லுங்கள். நேரடி விற்பனை நிறுவனமென்றால் ஏ.ஜே.எல். என்ற அனுமதி எண் இருக்கிறதா என்று உள்நாட்டு வர்த்தக அமைச்சில் விசாரிக்கச் சொல்லுங்கள்; அந்த எண் இருந்தால் வருமானம் நிச்சயம் என்று அர்த்தமில்லை என்பதையும் சொல்லுங்கள். ஆள் பிடித்துக் காசு சேர்க்கும் பிரமிடுத் திட்டத்தை நடத்துவதே இந்நாட்டில் குற்றம். 1993 ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தைத் திருத்தி அப்படி ஆக்கியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1973லிருந்தே தனிச் சட்டம் உண்டு. மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு ஒளியாமல் உடனே பயனீட்டாளர் சங்கத்திடமோ பயனீட்டாளர் நடுவர் மன்றத்திடமோ போக வேண்டும். நாள் கடந்தால் வழியும் குறையும். இவற்றையெல்லாம் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம்.

நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை மாடி ஏறுவதற்கு முன் நம் படிகளை ஏறினான். நமக்கு ஆள் இல்லாமலில்லை, மனம் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஆளை வரவழைத்தால் ஓடமாட்டான், லீவு கேட்கமாட்டான் என்று நினைக்கிறோம். உள்ளூர்ப் பிள்ளைக்கு, 2025 ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் நம் போன்ற சிறு கடைகளுக்கும் பொருந்தும் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் கட்டுப்படியாகாது என்கிறோம். சில கடைக்குக் கட்டுப்படியாகாமலிருக்கலாம். எனக்குத் தெரியும், என் கணக்கும் இறுக்கமாகத்தான் ஓடுகிறது. ஆனால் நம்மில் சிலர் அப்படிச் சொல்லிவிட்டு அதே மாதத்தில் கடை முகப்பை 30,000 வெள்ளிக்குப் புதுப்பித்ததையும் நான் பார்த்தேன். சங்கத்தில் ஒவ்வொரு வருஷமும் நன்றாகப் பாஸான பிள்ளைகளுக்கு மாலை போட்டுப் பரிசு கொடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். சுமாராகப் பாஸானவன் எங்கே போனான் என்று எந்தச் செயற்குழுவிலும் ஒரு கேள்வி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. நானும் செயற்குழுவில் இருந்தவன்தான்.

அன்ஸாரிகளில் ஒருவர் உதவி கேட்டு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்த வரலாறு அபூதாவூதில் இருக்கிறது. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பாதி விரித்துப் பாதி போர்த்துகிற துணி ஒன்றும், தண்ணீர் குடிக்கும் பாத்திரம் ஒன்றும். கொண்டுவரச் சொல்லி, சபையிலேயே ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதிகம் தருவோர் உண்டா என்று மேலும் கேட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒன்று வீட்டுச் சாப்பாட்டுக்கு, மற்றொன்றுக்குக் கோடரி. கோடரி வந்ததும் தமது முபாரக்கான கையாலேயே அதற்குக் காம்பு போட்டுக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்கும்படியும், 15 நாள் தம் கண்ணில் படக்கூடாதென்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் 10 திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார்.

இந்த ஹதீதை உழைப்பின் சிறப்புக்காகவே எப்போதும் ஓதிக் காட்டுகிறோம். நான் அன்று இரவு இதை நினைத்தபோது, அந்த மனிதரின் உழைப்பைவிட அந்தச் சபைதான் என் கண் முன் நின்றது. ஒரு பெரியவர் அதிகம் தருவோர் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒருவர் எழுந்து இரண்டு திர்ஹம் தருகிறார். பழைய துணியும் பாத்திரமும் அவருக்கு எதற்கு? அந்தக் காம்பும் எனக்கு ஞாபகம் வந்தது. உழைத்துப் பிழை என்று வாயால் சொல்லியும் அனுப்பியிருக்கலாமல்லவா? நான் “பாப்போம்” என்று சொல்லி அனுப்பினேனே, அதுபோல.

2024 நவம்பரிலிருந்து பையன் என் கடையில் இருக்கிறான். முதல் மாதம் புளி மூட்டையைத் தூக்கத் தெரியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இப்போது சீரகத்தில் மண் கலந்திருப்பதை வாசனையிலேயே சொல்கிறான். ஓடிவிடுவானா என்றால், ஓடட்டும். கற்றுக்கொண்டது அவனுடன் போகும். மொத்தம் நாலு பேரை அவன் அந்த வியாபாரத்தில் சேர்த்துவிட்டிருந்தான். அவனுக்கு வந்தது 1,200 வெள்ளி. அந்த நாலு பேர் கட்டியது 9,600. இமாம் அவர்களிடம் போய்க் கேட்டோம். ஒவ்வொருவரால் கிடைத்த 300 வெள்ளியையும் அவரவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், மற்றதற்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டு மனதைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்றார். பையன் சம்பளத்திலிருந்து கொடுத்து முடித்துவிட்டான். சாச்சா வீட்டு வாசலில் மட்டும் அவனை ஒரு மணி நேரம் நிற்கவைத்தார்களாம். நின்றிருக்கிறான்.

பலகாரக்கார அம்மாவின் மீதி 2,100 வெள்ளியை நான் ஏற்றுக்கொண்டேன். என் வார்த்தையால்தானே அவர் கட்டினார். கையில் கொடுத்தால் வாங்கமாட்டார் என்று, மாவு எண்ணெய்க் கணக்கில் மாதம் 100 வெள்ளி கழித்து வருகிறேன். முதல் மாதம் ரசீதைப் பார்த்துவிட்டு, இது என்ன குறைவு என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

“காசு கெடக்கட்டும் நானா. நாளைக்கு வேற யாராச்சும் வந்து ஒங்க பேரச் சொன்னா, நான் நம்பலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

பின்னால் இரண்டு பேர் சாமானுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நான் தராசில் மாவை வைத்தேன். முள் நிற்கும்வரை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.